நூற்றுக்கு ஒரு ராண்டு

ஆண்டுதோறும் ஏப்ரல் பிறந்தால், எங்கள் வீட்டில் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்வது ஏப்ரல் 30 என்ற தேதிதான். தென்னாப்பிரிக்காவில் பயிற்சி வரி கட்டும் நிறுவனம் ஒன்று, கடந்த ஆண்டில் தன் தொழிலாளர்களில் யாருக்கு என்ன கற்பித்தது என்ற அறிக்கையையும், வரும் ஆண்டில் யாருக்கு என்ன கற்பிக்கப் போகிறது என்ற திட்டத்தையும் அந்த நாளுக்குள் தன் தொழில்துறைக்குரிய பயிற்சி ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் கட்டிய வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும், தவறினால் கிடைக்காது. அந்த அறிக்கையையும் திட்டத்தையும் சிறு நிறுவனங்களுக்காக எழுதித் தருவதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையில் மாறுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை நான் சட்டப் புத்தகத்தில் படித்ததைவிடத் தொழிற்கூடங்களின் கணக்கு மேசைகளில் உட்கார்ந்து கற்றதே அதிகம்.

நான் டர்பன் நகரின் தெற்கே, சாட்ஸ்வர்த்தில் பிறந்தவள். 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் இந்தியர்களை நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து, 1960-களில் கொண்டுபோய்க் குடிவைத்த குன்றுகள் அவை. அப்பா பகலில் நகராட்சி வேலையும் மாலையில் கோயிலை ஒட்டிய பள்ளியில் தமிழ் கற்பித்தலுமாக இருந்தார். நான் இன்று இந்த மொழியில் எழுத முடிவது அந்த மாலை வகுப்புகளால்தான். அம்மா ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்லாக் எந்திரத்தில் 26 ஆண்டுகள் பள்ளிச் சட்டைகள் தைத்தார். 1990-களின் நடுவில் இறக்குமதித் தீர்வை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, வெளிநாட்டு ஆடைகள் மலிவாக வந்து இறங்கியபோது, டர்பனிலும் வெருலத்திலும் டொங்காட்டிலும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அம்மாவின் தொழிற்சாலை 1999-இல் மூடப்பட்டது. கடைசிச் சம்பளத்தோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதில் அவர் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார் என்பது மட்டுமே இருந்தது. புதிதாக வந்த பெண்களுக்கு ஊசி மாட்டக் கற்பித்தது முதல், தையல் பிசகினால் எந்திரத்தின் எந்தத் திருகைத் தொட வேண்டும் என்று காது கொடுத்துக் கேட்டே சொல்லும் அளவுக்கு அவருக்கு இருந்த அறிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் கடிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

யார் எந்தத் தொழிலைக் கற்கலாம் என்பதை அரசு தீர்மானித்த நாடு இது என்பதால், பயிற்சிக்கான பணத்தைப் பற்றிப் பேசும்போது பழைய கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1922-ஆம் ஆண்டின் தொழில் பயிலுநர் சட்டம் வெளிப்படையாக நிறத்தைப் பேசவில்லை. குறிப்பிட்ட வகுப்புவரை பள்ளிப்படிப்பும் தொழில்நுட்ப வகுப்புகளுக்கு வருகையும் வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. ஆனால் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் இந்தியர்களுக்கென்று தொழில்நுட்பப் பள்ளியே இல்லாத காலம் அது. வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டர்பனில் இந்தியத் தொழிலாளர்களுக்கான மாலை வகுப்புகள் கடன் வாங்கிய அறைகளில் தொடங்கின. 1890-இல் மலபாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து பின்னாளில் வணிகராக உயர்ந்த எம்.எல்.சுல்தான் அளித்த நன்கொடையால் அவ்வகுப்புகள் ஒரு கல்லூரியாக நிலைபெற்றன. அவர் பெயரில் இயங்கிய அந்தக் கல்விக்கூடம் 2002-இல் நேட்டால் டெக்னிக்கான் என்ற தொழில்நுட்பக் கல்விக்கூடத்துடன் இணைக்கப்பட்டது. இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்த இணைப்பில் பிறந்ததே. அரசு பணம் ஒதுக்காத இடத்தில் சமூகம் கைப்பணம் போட்டுப் பயிற்சியை நடத்தியது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அதனால்தான், நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு அரசே பயிற்சிக்கென ஒரு வரியை விதிக்கப் போகிறது என்று கேட்டபோது, அப்பா அதை ஒரு பெரிய நியாயமாகவே கருதினார். நானும் இன்றுவரை அப்படித்தான் கருதுகிறேன்.

அந்த நியாயம் சட்டமாக உருவெடுத்த வழி இது. 1997-இல், டிட்டோ ம்போவேனி தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, திறன் மேம்பாடு குறித்து, பசுமை அறிக்கை எனப்படும் கொள்கை வரைவு வெளிவந்தது. 1998-இல் திறன் மேம்பாட்டுச் சட்டமும் 1999-இல் திறன் மேம்பாட்டு வரிச் சட்டமும் நிறைவேறின. 2000 ஏப்ரல் முதல், நிறுவனங்கள் தாங்கள் வழங்கும் மொத்தச் சம்பளத்தில் அரை சதவீதத்தையும், 2001 ஏப்ரல் முதல் ஒரு சதவீதத்தையும் வரியாகக் கட்டி வருகின்றன. நூறு ராண்டு சம்பளத்துக்கு ஒரு ராண்டு. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இதைப் பிடிக்கக் கூடாது. முதலாளியின் பையிலிருந்தே போக வேண்டும். வருமான வரியை வசூலிக்கும் அதே வருவாய்த் துறைதான் இதையும் மாதந்தோறும் வசூலிக்கிறது. வசூலானதில் ஐந்தில் ஒரு பங்கு தேசியத் திறன் நிதிக்குப் போகிறது. வேலையில்லாதவர்கள், கிராமப்புறத்தார், எந்தத் துறையிலும் அடங்காதவர்கள் ஆகியோருக்கான பயிற்சிக்கு அது. மீதி ஐந்தில் நான்கு பங்கு, அந்தந்தத் தொழில்துறைக்கென முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பயிற்சி ஆணையத்துக்குப் போகிறது. இந்த ஆணையங்களை இங்கே எல்லோரும் சுருக்கமாகச் சீட்டா என்பார்கள்.

ஆணையத்துக்கு வந்த பணம் பிரியும் முறைதான் கதையின் உயிர்நாடி. நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு தையற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் மொத்தம் மூன்று லட்சம் ராண்டு என்றால், வரி மாதத்துக்கு 3,000, ஆண்டுக்கு 36,000. 2013-க்கு முந்தைய ஆண்டுகளில், பயிற்சித் திட்டத்தை உரிய நாளில் ஒப்படைத்த நிறுவனத்துக்கு வரியில் பாதி, அதாவது 18,000 ராண்டு, கட்டாய மானியமாகத் திரும்ப வந்தது. 2012 டிசம்பரில் வெளியாகி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய மானிய விதிகள் அந்தப் பாதியை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தன. அதே தையற்கூடத்துக்கு 7,200. மொத்த வரியில் 49.5 சதவீதம், விண்ணப்பிப்பவர்களில் ஆணையம் தேர்ந்தெடுத்துத் தரும் விருப்ப மானியமாகவும், 10.5 சதவீதம் நிர்வாகச் செலவுக்கும் என்றாயிற்று. விருப்ப மானியத்தில் 80 சதவீதத்தை, முழுத் தகுதிச் சான்றிதழ் தரும் நீண்ட பயிற்சிகளுக்கே செலவிட வேண்டும் என்றும் விதி சொன்னது.

இந்த மாற்றத்துக்கு அரசு சொன்ன காரணத்தை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். பெரிய நிறுவனங்கள் பாதி வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முதலுதவி, தீயணைப்பு, கணினி அறிமுகம் என்று ஒரு நாள், இரண்டு நாள் வகுப்புகளை நடத்திக் கணக்குக் காட்டின. நாட்டுக்குத் தேவைப்பட்டது மின்பணியாளரும் பற்றவைப்பாளரும் எந்திரம் பழுதுபார்ப்பவரும். கிடைத்ததோ வருகைப் பதிவேடுகள். ஆகவே பணத்தை முதலாளியிடம் திருப்பித் தராமல் ஆணையத்தின் கையில் வைத்து, நீண்ட பயிற்சிகளுக்கு மடைமாற்றலாம் என்று அமைச்சகம் எண்ணியது. எண்ணம் சரி. ஆனால் கட்டாய மானியம் என்பது ஒரு சிறு தொழிற்கூடம் நிச்சயமாக எதிர்பார்க்கக்கூடிய ஒரே பணமாக இருந்தது. விருப்ப மானியம் அப்படிப்பட்டதல்ல. அதற்கு விண்ணப்பிக்கும் இணைய வாசல் சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும். வரிச் சான்று, நிறுவனப் பதிவு, கறுப்பின மேம்பாட்டுச் சான்று, பயிற்சி நிலையத்தின் அங்கீகாரக் கடிதம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். மனிதவளத் துறை என்று ஒரு தளமே வைத்திருக்கும் நிறுவனத்தால் அது முடியும். முதலாளியே வெட்டுமேசையில் கத்தியோடு நிற்கும் இடத்தில் முடியாது.

முதலாளிகளின் அமைப்பு இந்தக் குறைப்பை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2015-இல் தொழிலாளர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அமைச்சர் அதே விதியை மீண்டும் வெளியிட்டார். 2019-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. அதன் பிறகும் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கிலேயே பணம் வந்துகொண்டிருந்தது. என்னிடம் வரும் முதலாளிகள், "அக்கா, நீதிமன்றம் சொல்லிவிட்டதே, பணம் ஏன் கூடவில்லை?" என்று கேட்டபோது எனக்குச் சொல்ல விடை இருக்கவில்லை.

இதைவிட ஆழமான இன்னொரு குறை, எங்கும் பேசப்படாமல் கிடக்கிறது. ஆண்டுச் சம்பள மொத்தம் ஐந்து லட்சம் ராண்டுக்கு மேல் போகாத நிறுவனத்துக்கு இந்த வரி கிடையாது. அந்த வரம்பு 2005 ஆகஸ்டில் இரண்டரை லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. அதன் பிறகு அப்படியே நிற்கிறது. 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டு ஆயிற்று. வாரம் 45 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு அந்தக் கூலியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 67,000 ராண்டு வருகிறது. எட்டாவது ஆளை வேலைக்கு எடுத்த அன்றே அந்தப் பட்டறை வரி வளையத்துக்குள் வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே வரம்புக்குள் இதைவிடப் பெரிய பட்டறைகள் அடங்கியிருந்தன. ஆக, வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் வரியும் கட்டுவதில்லை, ஆணையத்தின் பார்வையிலும் படுவதில்லை. வரம்பை இப்போதுதான் தாண்டியவர்களோ வரியைக் கட்டுகிறார்கள், ஆனால் திரும்பப் பெறும் பங்கு அதற்கான ஆவணங்களைத் தயாரிக்கும் செலவுக்கே போதவில்லை. வரி கட்டாத பட்டறை விருப்ப மானியம் கேட்கச் சட்டத்தில் தடை இல்லை என்பது உண்மை. தடை இல்லை என்பதும் வழி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் வீட்டுக் கொட்டகைகளில் நடக்கும் தையற்கூடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள்தான் அடங்கும். வேலையிழந்த தொழிற்சாலைப் பெண்கள் போய்ச் சேர்ந்த இடங்களும் அவையே.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன். 2009 வரை பயிற்சியும் வேலைவாய்ப்பும் தொழிலாளர் அமைச்சகம் என்ற ஒரே வீட்டில் இருந்தன. அந்த ஆண்டு கல்வி அமைச்சகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, உயர்கல்வி மற்றும் பயிற்சி அமைச்சகம் புதிதாக எழுந்தது. பயிற்சி ஆணையங்களும் தேசியத் திறன் நிதியும் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து பெயர்ந்து அங்கே சென்றன. கல்லூரியையும் தொழிற்பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தால், வகுப்பறையில் கற்பதற்கும் பட்டறையில் கற்பதற்கும் இடையே உள்ள சுவர் இடியும் என்பது நோக்கம். ஆனால் வேலை தேடுவோரைப் பதிவு செய்யும் பணியும், நாடெங்கும் உள்ள தொழிலாளர் மையங்களும், வேலையில்லாக் காலத்துக்கான காப்பீட்டு நிதியும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம், வேலை தேடுபவரிடம் எவரும் கட்டணம் வாங்கக் கூடாது என்றும், அரசு இலவசமாக வேலை பொருத்தித் தர வேண்டும் என்றும் நல்ல விதிகளை எழுதியது. 2019-இல் அமைச்சகத்தின் பெயரிலேயே வேலைவாய்ப்பு என்ற சொல் சேர்ந்தது. பயிற்சிக்கான வரிப்பணம் மட்டும் அடுத்த வீட்டில் இருந்தது. வேலை தேடுபவரின் பெயர் ஒரு வீட்டில். அவருக்குக் கற்பிக்கும் பணம் இன்னொரு வீட்டில்.

இந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதை, பிரிந்த அதே ஆண்டிலேயே பார்த்தோம். உலகப் பொருளாதாரச் சரிவின்போது, ஆட்குறைப்புக்குப் பதிலாகத் தொழிலாளர்களைச் சில மாதம் பயிற்சிக்கு அனுப்பும் திட்டம் ஒன்று 2009-இல் கொண்டுவரப்பட்டது. அடிப்படைச் சம்பளத்தில் பாதி உதவித்தொகையாகக் கிடைக்கும். ஆணையம் பயிற்சியை ஏற்பாடு செய்யும். கருத்தளவில் இதைவிடச் சிறந்த திட்டத்தை நான் கண்டதில்லை. ஆனால் ஒரு நிறுவனம் அதில் சேர, தொழில் தகராறு சமரச ஆணையத்தின் பரிந்துரை, பயிற்சி ஆணையத்தின் ஒப்புதல், காப்பீட்டு நிதியின் பணம், திறன் நிதியின் பணம் என்று நான்கு வாசல்களைக் கடக்க வேண்டியிருந்தது. சம்பளம் கொடுக்க அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பணம் இல்லாத முதலாளி நான்கு வாசல்களில் காத்திருக்க மாட்டார், ஆட்களை அனுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்த இரண்டு தொழிற்கூடங்களில் அதுதான் நடந்தது. ஒன்றில் நான் படிவங்களைப் பாதி நிரப்பியிருந்தேன்.

பிறகு, பயிற்சியை இழந்த பழைய வீடு தனக்கென ஒரு பயிற்சியை உருவாக்கிக்கொண்டது. காப்பீட்டு நிதியின் பணத்தில் வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை அது நடத்துகிறது. குடியரசுத் தலைவரின் இளைஞர் வேலைவாய்ப்பு முயற்சியின்கீழ், 2021 முதல் இளைஞர்களுக்கென இலவசமாகத் திறக்கும் ஓர் இணையதளமும் வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் பயனுள்ளதே. சென்ற ஆண்டு, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் இளைஞர், பள்ளி முடித்து மூன்று ஆண்டுகளாக வேலை தேடுபவர், தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். தொழிலாளர் மையத்தின் பதிவெண், இளைஞர் இணையதளத்தின் பதிவெண், ஓர் ஆணையத்தில் பயிலுநராக விண்ணப்பித்ததற்கான பதிவெண் என்று மூன்றும் அதில் இருந்தன. "ஆன்டி, இதில் எது என்னுடைய எண்?" என்று கேட்டார். மூன்றும் உன்னுடையவைதான் என்றேன். மூன்று இடங்களிலும் அவர் ஒரே பள்ளிச் சான்றிதழையே ஏற்றியிருந்தார். ஓரிடத்தில் இருப்பது மற்ற இரண்டு இடங்களுக்கும் தெரியாது. காப்பீட்டுத் தொகையை நாடி ஒரு தொழிலாளர் மையத்துக்குச் சென்ற என் சித்தியிடமும், பயிற்சி வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அனுப்பிவைக்கும் அதிகாரமோ பணமோ அந்த மேசைக்கு இல்லை.

வீடுகள் இரண்டானது ஒருபுறமிருக்க, வீட்டுக்குள் அறைச்சுவர்களை இடித்துக் கட்டும் வேலையும் ஓய்வதில்லை. 2000 மார்ச்சில் 25 ஆணையங்கள் அமைக்கப்பட்டன. 2005-இல் அவை 23 ஆயின. 2011 ஏப்ரலில் 21. ஆடை, நெசவு, காலணி, தோல் தொழில்களுக்கான ஆணையமும், காட்டுமரத் தொழிலுக்கான ஆணையமும், அச்சு, பதிப்பு, பொதியல் தொழில்களும் அந்த ஆண்டு ஒன்றாக இணைக்கப்பட்டன. சட்டை தைப்பவருக்கும் யூகலிப்டஸ் வெட்டுபவருக்கும் ஒரே வாரியம். சிறிய ஆணையங்கள் நிர்வாகச் செலவிலேயே கரைந்துவிடுகின்றன என்பது உண்மைதான். இணைப்பைக் குறை சொல்வது என் நோக்கமன்று. என்னை வருத்துவது காலக்கெடு. 2011-இல் ஐந்தாண்டுக்கு வழங்கப்பட்ட உரிமம் 2016-இல் முடிந்தபோது 2018 வரை நீட்டித்தார்கள். பிறகு 2020 வரை. நடுவே 2015-இல், ஆணையங்களை வெறும் ஆலோசனை வாரியங்களாக்கிவிடலாம் என்று ஒரு முன்மொழிவு வெளிவந்து, பிறகு கைவிடப்பட்டது. ஒரு தொழிலைப் பயிலுநராக இருந்து கற்றுத் தேர்வெழுத மூன்று ஆண்டுகள், சில தொழில்களில் நான்கு ஆண்டுகள் ஆகும். இரண்டாண்டு ஆயுள் கொண்ட அமைப்பு மூன்றாண்டுப் பயிற்சிக்கு எப்படி ஒப்பந்தம் எழுதும்? எழுதியது, ஆனால் தயங்கித் தயங்கி எழுதியது. லேர்னர்ஷிப் எனப்படும் ஓராண்டுப் பயிற்சிகளையே விரும்பியது. கைவினைஞர் பற்றாக்குறை பற்றி ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை எழுதும் அரசு, தன் நாட்காட்டியையும் ஒரு காரணமாகப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில், ஒருவழியாகப் பத்தாண்டு உரிமம், 2030 மார்ச் 31 வரை, தரப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் நான் மனதார மகிழ்ந்தேன். அடுத்த மாதமே கொரோனா முடக்கத்துக்கு நிவாரணமாக, மே முதல் ஆகஸ்டு வரை நான்கு மாதம் வரி வசூல் நிறுத்தப்பட்டது. முதலாளிகள் மூச்சுவிட அது தேவைப்பட்டது. ஆனால் ஓராண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதை ஆணையங்கள் ஈடுசெய்யப் பல மாதங்கள் ஆயின.

ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் கோப்புகள் கைமாறுகின்றன. என் வாடிக்கையாளர் ஒருவரின் நிறுவனத்தில் ஏழு பேர் ஓராண்டுப் பயிற்சியை முடித்து, மதிப்பீடும் முடிந்து, சான்றிதழுக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் துறையின் பொறுப்பு ஓர் ஆணையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய வேளையில் அவர்களின் மதிப்பீட்டுப் பதிவுகள் எங்கேயோ நின்றுவிட்டன. பழைய இடம் அனுப்பிவிட்டோம் என்றது. புதிய இடம் வரவில்லை என்றது. பத்தொன்பது மாதங்கள் கடிதம் எழுதினேன். சான்றிதழ்கள் வந்தபோது ஏழு பேரில் நால்வர் அந்த நிறுவனத்தில் இல்லை. அவர்களில் ஒருவரை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவருடைய உறை, அம்மாவின் கடிதம் இருக்கும் அதே அலமாரியில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து இந்த வலைப்பதிவை வாசிக்கும் நண்பர்கள், இதில் மாநில அரசுக்கு என்ன பங்கு என்று கேட்பார்கள். இங்கே மாகாண அரசுகளின் கையில் இருந்த முக்கியமான கருவி தொழிற்கல்லூரிகள். 152 தொழில்நுட்பக் கல்லூரிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 50 பெருங்கல்லூரிகளாக இணைக்கப்பட்டன; அவற்றில் ஒன்பது எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் உள்ளன. 2015 ஏப்ரலில் அவை மாகாணங்களிடமிருந்து முழுமையாகத் தேசிய அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டன. பணக்கார மாகாணம், ஏழை மாகாணம் என்ற வேறுபாடின்றி எல்லாக் கல்லூரிக்கும் ஒரே அளவுகோலில் நிதி என்பது அதன் நன்மை. உள்ளூர்த் துறைமுகத்துக்கும் கரும்பாலைக்கும் வாகனத் தொழிற்சாலைக்கும் எத்தனை பேர் தேவை என்று அறிந்த மாகாணப் பொருளாதாரத் துறைக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த நேரடிக் கயிறு தளர்ந்தது அதன் விலை. இதே சமயத்தில் தகுதிகளின் பட்டியலும் மாற்றி எழுதப்பட்டது. 2009-க்கு முற்பட்ட பழைய தொழில் தகுதிகளில் புதிதாக ஆள் சேர்க்கும் கடைசி நாள் 2024 ஜூன் 30 என முடிந்தது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் 2027 ஜூன் 30-க்குள் முடித்தாக வேண்டும். புதிய தகுதிகள் உள்ளடக்கத்தில் தரமானவை, பட்டறையில் செலவிடும் காலத்துக்கு உரிய இடம் தருபவை. ஆனால் இரண்டு அறைகளில் பயிற்சி நடத்திவந்த சிறு நிலையங்கள் பலவற்றுக்குப் புதிய அங்கீகாரம் பெறும் வசதி இல்லை.

முறைகேடுகளைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. நான் நீட்டிக்கப் போவதில்லை. தேசியத் திறன் நிதியின் 2018-19, 2019-20 கணக்குகளுக்குத் தலைமைத் தணிக்கையாளர் கருத்துரை வழங்கவே மறுத்தார் என்பதும், 2025 ஜூலையில் உயர்கல்வி அமைச்சர் பதவி இழந்தது ஆணையங்களின் தலைவர் நியமனத்தை ஒட்டிய விவகாரத்தில் என்பதும் பொதுவில் உள்ள செய்திகள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார் என் ஆயா. இங்கே அளவு கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மறுசீரமைப்பும் ஒரு புதிய படிவத்தைக் கொண்டுவருகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணுகிறோம். முடித்தவர் அடுத்த ஆண்டு எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்குரிய விடை காப்பீட்டு நிதியின் மாதாந்தரப் பதிவில் இருக்கிறது. ஏனெனில் வேலையில் இருப்பவருக்கு முதலாளி மாதந்தோறும் அந்த நிதிக்குப் பணம் கட்டுகிறார். அந்தப் பதிவு பழைய வீட்டில். பயிற்சி முடித்தவர் பட்டியல் புதிய வீட்டில். இரண்டையும் அடையாள எண்ணை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டாலே, எந்தப் பயிற்சி சோறு போட்டது என்று தெரிந்துவிடும். ஆணையங்களின் எண்ணிக்கையை மீண்டும் குறைப்பதைப் பற்றிய பேச்சு தொடங்கும்போதெல்லாம், அதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள் என்று நான் கருத்துக் கேட்புகளில் எழுதி அனுப்புகிறேன். ஐந்து லட்சம் வரம்பை உயர்த்துங்கள் என்றும், வரம்புக்குக் கீழே உள்ள பட்டறைகளுக்கு இரண்டு பக்கத்தில் முடியும் விண்ணப்பம் ஒன்றை வையுங்கள் என்றும், தொழிலாளர் மையத்தின் மேசையில் இருப்பவருக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பும் அதிகாரம் கொடுங்கள் என்றும் எழுதுகிறேன். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை.

இந்த அமைப்பை நான் விட்டு விலகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், உம்லாசியிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணைத் தையல் எந்திரம் பழுதுபார்க்கும் பயிலுநராக ஒரு தொழிற்கூடத்தில் சேர்த்தோம். சூலு மொழி பேசுபவர். எந்திரத்தின் பாகங்களை முதலில் என் அம்மாவிடம்தான் கற்றார். பணி இழந்து வீட்டில் இருந்த அம்மா, வாரம் இரண்டு நாள் அந்தக் கூடத்துக்கு வந்து, ஆங்கிலமும் சூலுவும் கலந்த பேச்சில், காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். உதவித்தொகை விருப்ப மானியத்திலிருந்து வந்தது. மூன்றாண்டு முடிந்து தொழில் தேர்விலும் தேறினார். இன்று இசிப்பிங்கோவில் சொந்தமாகப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். ஐந்து லட்சத்துக்குக் கீழே.

இப்போது அவர் ஒரு பயிலுநரை எடுக்க விரும்புகிறார். என் தெருவின் அந்த மூன்று எண் இளைஞரைத்தான் அனுப்பியிருக்கிறேன். விருப்ப மானியத்துக்கான இணைய வாசல் வரும் வெள்ளிக்கிழமை மூடுகிறது. நேற்று மாலை இருவரும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வரிச் சான்று வந்துவிட்டது. வங்கிக் கடிதம் வரவில்லை. பயிற்சி நிலையத்தின் புதிய அங்கீகாரம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், விண்ணப்பிக்கும் நிறுவனம் ஆண்டுக்கு எவ்வளவு வரி கட்டுகிறது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சுழியம் என்று போட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. இன்று காலை எட்டு மணிக்கு உதவி எண்ணை அழைத்தேன். திங்கள்கிழமை திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள்.